உழவர் கடன் அட்டை: பெறுதலும் பேணுதலும்

நம் விருதுநகர்க் கரிசலில் மழை ஈரம் காயுமுன் விதை விழவேண்டும். அவ்வேளையில் பணத்துக்கு அலைபவன் பருவத்தையே இழப்பான். இக்குறை நீக்கவே 1998ஆம் ஆண்டில் உழவர் கடன் அட்டைத் திட்டம் ஏற்பட்டது.

அங்கத்தினர்கள் பருவத்துக்கு முன்னரே சிட்டா, அடங்கல், ஆதார் நகல், புகைப்படம் ஆகியவற்றுடன் நம் சங்கத்தில் விண்ணப்பித்தல் நலம். கடன் வரம்பு நம் விருப்பத்தால் அமைவதன்று. ஏக்கருக்கு இவ்வளவு எனப் பயிர்தோறும் வகுத்த தொகையும், நாம் பயிரிடும் பரப்புமே அதனை நிர்ணயிக்கும்.

அட்டை கைக்கு வந்ததும் அதிலுள்ள பெயரைச் சரிபார்ப்போம். இரகசிய எண்ணை அட்டையின் உறையில் எழுதி வைத்தலும், பிறர்க்கு உரைத்தலும் ஆகா.

வரம்பு என்பது வருமானமன்று, கடனே. தீபாவளி கழிந்து பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில், கூலியின்றி வாடும் குடும்பத்துக்கு இவ்வட்டையில் கைவைக்கத் தோன்றும். அங்ஙனம் எடுத்தால் உரத்துக்கென்று வைத்த பணம் கரையும், விளைச்சல் குன்றும், தவணையும் தவறும். தவணைக்குள் பயிர்க்கடனைச் செலுத்துவோரிடம் தமிழகக் கூட்டுறவுச் சங்கங்கள் வட்டி பெறுவதில்லை. தவறினால் அச்சலுகை போய்விடும்.

ஆகவே, கடன் பெறும் அன்றே தவணை நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்போம். நூலுக்குக் கடன் பெறும் நெசவாளர்க்கும் இதுவே நெறி.