தங்கனீக்கா ஏரியின் குயிற்கெளிறு

குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும் என்பதை யாம் சிறுபருவத்திலேயே கேட்டிருக்கின்றோம். முதுகெலும்புடைய உயிர்களுள், தன் மக்களை வளர்க்கும் கடனை முற்றும் பிறவினத்தின்மேல் ஏற்றிவிடும் வழக்கம் பறவைகட்கே உரியதென்று நெடுநாள் எண்ணப்பட்டது. 1986-ஆம் ஆண்டில் சாட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் வாழும் கெளிற்று மீன் ஒன்றும் அத்தொழிலையே செய்கின்றது. கெளிறு என்றது, உலகவழக்கிற் கெளுத்தி எனப்படும் மீசை மீனினத்தை.

அவ்வேரி ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளமும், மிக்கவிடத்தில் 1,470 மீட்டர் ஆழமும் உடையது. இக்கெளிற்றின் நூற்பெயர் சினோடான்டிஸ் மல்டிபங்டேட்டஸ் என்பது. பின்மொழிக்கு இலத்தீனிற் 'பல புள்ளிகளையுடையது' என்று பொருள். உடலெங்கும் கரும்புள்ளிகள் நிறைந்திருத்தலின் இஃது காரணப்பெயரே.

இவ்வேரியிற் சிக்லிட் என்னும் குடும்பத்து மீன்கள் மிகப் பல. நம் குளங்களிற் புகுத்தப்பட்டு ஜிலேபி என வழங்கும் மீனும் அக்குடும்பத்ததே. அவற்றுட் பலவற்றில், தாய் முட்டையிட்டவுடன் திரும்பி அவற்றை வாயில் எடுத்துக்கொள்கிறாள். குஞ்சுகள் தாமே நீந்துமளவும் அவ்வாயே தொட்டில். அந்நாட்களில் அவள் பெரும்பாலும் உண்பதில்லை. மீனை 'அவள்' என்றல் திணைவழு அன்றோ எனின், இரக்கத்தால் வந்த வழுவமைதி எனக் கொள்க.

அவள் முட்டையிடும் வேளையிற் கெளிறுகள் இடையே பாய்ந்து, சில முட்டைகளைத் தின்று, தம் முட்டைகளைச் சிந்திவிடும். அவள் பதறி, கிடந்தவற்றையெல்லாம் வாயில் வாரிக்கொள்கிறாள். கெளிற்றின் முட்டை முந்திப் பொரிக்கின்றது. வெளிவந்த குஞ்சு தன் கருவுணவு தீர்ந்ததும், அவ்வாயினுள்ளேயே அவள் மக்களைத் தின்று வளர்கின்றது. குயிற்குஞ்சு காக்கைக் குஞ்சுகளோடு ஒருங்கு வளர்தலும் உண்டு. இங்கோ பல வேளைகளில் உடன்பிறந்தார் ஒருவரும் எஞ்சார். தாய் பட்டினி கிடந்து காப்பது, தன் மக்களைக் கொன்றவனையே.

அவள் இவ்வஞ்சனையை அறியாளோ? செக் நாட்டு ஆய்வாளர் இதனைத் தொட்டிகளில் வைத்துச் சோதித்து, 2018-ஆம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். இக்கெளிறு வாழாத பிற ஏரிகளின் சிக்லிட்டுகள் எளிதில் ஏமாந்தன. தங்கனீக்காவில் அதனோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இனமோ, வாயிற் புகுந்த அயல் முட்டைகளை உமிழக் கற்றிருந்தது. ஆயினும் அவ்விழிப்புக்கு அவள் கொடுக்கும் விலை பெரிது. அயல் முட்டையை உமிழுங்கால், தன் முட்டைகள் சிலவற்றையும் உடன் உமிழ்ந்துவிடுகிறாள்.