கரண்ட் போனாலும் சுவிட்சை அணை

என் கண்ணுக்கு,

முந்தாநாள் ராத்திரி போனில் "தோட்டத்துல எல்லாம் நல்லா இருக்குதா அப்புச்சி?" என்று நீ கேட்டபோது, "நல்லா இருக்குது அம்முணி" என்று சொல்லிவிட்டேன். நல்லா இல்லை. மறுநாள் உனக்குப் பரீட்சை என்று உன் அம்முச்சி கண்ணைக் காட்டினாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது பரீட்சை முடிந்திருக்கும். படித்து முடித்ததும் தோட்டத்துக்கே வந்துவிடுகிறேன் என்று பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அப்படி வருகிறவளுக்கு அந்த ஒரு நாள் எப்படிப் போயிற்று என்று தெரிய வேண்டும். அதனால்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

விடிகாலை நாலரை மணிக்குக் கிணற்று மோட்டாரைப் போட்டேன். போட்ட கையோடு மடை திருப்ப வாழைக்குள் போய்விட்டேன். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. திரும்பி வருவதற்குள் மோட்டார் ரூமில் கருகல் வாடை. மூன்று ஃபேஸில் ஒன்று இல்லை. ஒரு ஃபேஸ் இல்லாவிட்டால் மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்தில் உறுமும். மற்ற இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கும், காயில் கொதிக்கும், சில நிமிடத்தில் வார்னிஷ் கருகிவிடும். இப்படி ஆகக் கூடாதென்றுதான் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒரு ஃபேஸ் போனாலும் அது மோட்டாரை ஓடவிடாது. போன ஐப்பசியில் அது அடிக்கடி நிறுத்துகிறதே என்று எரிச்சல்பட்டு, அதை விட்டுவிட்டு ஒயரை நேராகச் சேர்த்தது நான்தான். ஓவர்லோடு ரிலேயையும் உச்சத்தில் திருப்பி வைத்திருந்தேன். புதுப் பிரிவென்டர் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டது, ஆறு மாசமாகியும் வாங்கவில்லை.

சித்திரை வெயிலில் வாழை ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்காது. சாளையில் கிடந்த ஆயில் என்ஜினை எடுத்தோம். மாதக்கணக்கில் ஓட்டாததால் டேங்கு வற்றி, டீசல் லைனில் காற்று ஏறியிருந்தது. ஃபில்டர் மேலிருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி அடங்கும் வரை டீசலை ஒழுகவிட்டால் சரியாகிவிடும். ஆனால் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். சாளை, மோட்டார் ரூம், திண்ணை எல்லாம் தேடி முக்கால் மணி நேரம் போயிற்று. அப்புறம்தான் நினைவு வந்தது. பொங்கலுக்கு வந்தபோது உன் ஸ்கூட்டி கண்ணாடியை முடுக்குவதற்கு ஒருத்தி எடுத்தாள். சீட்டுக்கு அடியில் திறந்து பார், அங்கேதான் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் ஒன்று இரவல் வாங்கி என்ஜினைக் கிளப்பினோம்.

கிளப்பினால் தண்ணீர் எடுக்கவில்லை. குடம் குடமாகக் குழாயில் ஊற்றினோம், ஊற்றியதெல்லாம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் ஃபுட் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். தூக்கிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு தென்னை ஓலைத் துணுக்கு வால்வின் வாயில் சிக்கியிருந்தது. அதை எடுக்க ஒரு நொடி. குழாயைத் தூக்கி இறக்க இரண்டு ஆட்களுக்கு ஒன்றரை மணி நேரம்.

வீட்டுக்குள் வந்தால் உன் அம்முச்சி மாவுக் கையோடு நிற்கிறாள். பாதி மாவில் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. அந்தப் பெல்ட் ஒரு மாசமாகக் கீச்சுக் கீச்சென்று கத்தியது, அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். 1955-இல் கோயமுத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டாங்கல்லைக் கரண்டில் சுற்ற வைத்தார் என்பார்கள். அதற்கு முன்னால் எத்தனை தலைமுறைப் பெண்களின் தோள் அந்தக் கல்லோடு தேய்ந்ததோ. அன்றைக்கு உன் அம்முச்சி இந்த வயதில் பொடக்காளியில் கிடந்த பழைய ஆட்டாங்கல்லைக் கழுவி, மீதி மாவை ஆட்டினாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சட்னிக்கு மிக்சியைப் போட்டால் அதுவும் ஓடவில்லை. அது ஒன்றுதான் லேசாகப் போயிற்று. அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் உண்டு. பாரம் தாங்காமல் சூடானால் அது விழுந்துவிடும். ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். தெரியாதவர்கள் இதற்காக மிக்சியைக் கடைக்குத் தூக்கிப்போய்க் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இதுவரை நடந்ததெல்லாம் நஷ்டம், அலைச்சல், அவ்வளவுதான். சாயங்காலம் நடந்ததைச் சொல்லத்தான் கடிதமே எழுதுகிறேன்.

மாடுகள் பசியில் கத்தின. தட்டு வெட்டும் மிஷினில் நேப்பியர் புல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, மனசெல்லாம் எரிச்சல். ஒரு முரட்டுத் தண்டு குறுக்கே சிக்கி மிஷின் திணறியது, அதே நேரம் கரண்டும் போனது. மிஷின்தான் நின்றுவிட்டதே என்று வாய்க்குள் கையைவிட்டுத் தண்டை இழுத்தேன். கட்டுத்தரையிலிருந்து பார்த்த உன் அம்முச்சி என்னைக் கூப்பிடவில்லை, சத்தம் போடவில்லை. ஓடிப்போய் மிஷினின் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டு, அப்புறம்தான் "கையை எடுங்க" என்றாள். நான் கையை எடுத்து, துண்டில் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் கட்டுத்தரை லைட் எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது.

கண்ணு, அந்த லைட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசாமல் நின்றோம்.

கரண்ட் போனாலும் சுவிட்சை அணை. நின்ற மிஷினை அணைந்த மிஷின் என்று நினைக்காதே. டிராக்டரில் ரோட்டவேட்டர் ஓடும்போது பின்னால் சுற்றுகிற தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். ஒரு துண்டு முனை மாட்டினால் ஆளை உதறிக்கொள்ள விடாது. அதையும் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும். பசியோடும் கோபத்தோடும் எந்த மிஷின் பக்கமும் போகாதே. முதலில் சாப்பிடு. மாடு அரை மணி நேரம் கத்தட்டும்.

எங்கள் ஐயன் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர். இரண்டு எருதைக் கட்டி, தோல் வால் கட்டிய சால் பாத்திரத்தைக் கிணற்றில் இறக்கி ஏற்றுவார். தினமும் எருதைப் பூட்டும் முன்னால் வடக்கயிற்றை முழு நீளத்துக்கும் உள்ளங்கையில் உருவிப் பார்ப்பார். ஒரு புரி நைந்திருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். ராத்திரி தோல் வாலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டுத்தான் படுப்பார். எனக்கு அப்போது அது கிழவர் வழக்கமாகத் தெரிந்தது. கரண்ட் மோட்டார் வந்ததும் கயிறு போயிற்று, கயிற்றை உருவிப் பார்க்கிற கையும் போயிற்று. நாம் ஆயுத பூஜைக்கு ஒரு நாள் துடைத்துச் சந்தனம் வைக்கிறோம், மீதி நாளெல்லாம் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

ட்ரோன் வாங்கி மருந்தடிக்கலாம் என்கிறாய். வாங்குவோம். அதற்கு முன்னால் இருக்கிற விசைத்தெளிப்பானைக் கழுவப் பழகு. களைக்கொல்லி அடித்த டப்பாவில் வேறு மருந்து ஊற்றாதே, அதற்குத் தனி டப்பா வை. 2,4-டி கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், பருத்தியும் தக்காளியும் இலை சுருண்டுவிடும். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதே, எத்தனை அவசரமானாலும் ஊதாதே. பழைய பிரஷ் ஒன்றைக் கயிற்றில் கட்டி வை.

மோட்டார் ரூமில் ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறேன். நம் 5 குதிரை மோட்டாருக்கு ஆம்பியர் முள் 7-க்கும் 8-க்கும் நடுவில் நிற்கும். வோல்டேஜ் குறைந்தால் முள் ஏறும், பேரிங் இறுகினாலும் ஏறும். தினமும் போட்டவுடன் அதைப் பார்த்து எழுது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும் வரை அந்த இடத்தைவிட்டு நகராதே. கோடையில் எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்று, மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. கரண்ட் சும்மா வருவதுதானே என்று மட்டும் எண்ணிவிடாதே. 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற மூன்று விவசாயிகள் இங்கே பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. விவசாய மோட்டாருக்கெல்லாம் இலவச மின்சாரம் வர அதற்கப்புறம் இருபது வருஷம் ஆயிற்று.

இதெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. உன் காது நல்ல காது. சின்ன வயசில் வண்டிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று தூளியில் கிடந்து சொல்லுவாய். அந்தக் காதை மிஷின்களுக்கும் கொஞ்சம் கொடு. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடப்பதை மட்டும் விட்டுவிடு.

மோட்டார் காயில் கட்டப் போயிருக்கிறது, வியாழக்கிழமை வரும். புதுப் பிரிவென்டரும் வாங்கிவிட்டேன். வாழைக்கு என்ஜின் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை வரும்போது கிரைண்டருக்கு இரண்டு பெல்ட் வாங்கி வா, நம்பரை அம்முச்சி படம் எடுத்து அனுப்புவாள். ஸ்பேனரை மறக்காதே. தட்டு வெட்டுகிற இடத்துக்கு வருவதானால் துப்பட்டா வேண்டாம், பின்னலைத் தூக்கி இறுக்கமாகக் கொண்டை போட்டுக்கொண்டு வா.

உன் அப்புச்சி