ஆறுகளுக்குத் திசை ஏது?

அண்மையில் ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஓடையிலிருந்து வடபுறத்து நிலங்களுக்கு வாய்க்கால் வெட்டும் தீர்மானம் மூன்று கூட்டங்களாக ஒத்திவைக்கப்பட்டிருந்தது. காரணம் வினவியபோது, முதிய அங்கத்தினர் ஒருவர் சுவரில் தொங்கிய தேசப்படத்தைக் காட்டி, "ஐயா, வடக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறுமா? கடன்தான் மிஞ்சும்" என்றார். அருகிலிருந்தோரும் ஆமோதித்தனர். கடன் தொகை சிறிதன்று. எனவே இக்கேள்வியை நகைத்துத் தள்ள இயலவில்லை.

வடக்கை மேலே வரைவது படம் வரைவோரின் வழக்கமேயன்றி, நிலத்தின் மேடுபள்ளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நைல் நதி தெற்கே தோன்றி, வடக்கு நோக்கி ஓடியே மத்தியதரைக் கடலை அடைகிறது. நீர் தாழ்ந்த இடத்தை நாடுகிறது, அவ்வளவே.

நம் காவிரியையே காண்போம். குடகில் சுமார் 1,276 மீட்டர் உயரத்திலுள்ள தலைக்காவேரியிலிருந்து அரபிக் கடல் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. ஆயினும் காவிரி அதற்குப் புறங்காட்டி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இருபுறமும் ஒத்துச் சரியும் கூரை போன்றதன்று. மேற்கே சுவரென இறங்குகிறது. கிழக்கே பீடபூமியாக மெல்லச் சாய்கிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம் நிலப்பகுதியினின்று பிளந்து விலகியபோது உண்டான விளிம்பே இம்மலைச் சுவருக்கு அடிப்படை என்பர் நிலவியல் அறிஞர். காவிரி அச்சுவரின் உட்புறத்தில் பிறந்துவிட்டது. மலைச் சுவர் அறுபட்ட பாலக்காட்டுக் கணவாயிலோ நிலைமை வேறு. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு மேற்கே சென்று பாரதப்புழையில் சேர்கிறது. நர்மதையும் தபதியும் மேற்கே ஓடுவது, நிலம் பிளந்து தாழ்ந்த நீண்ட பள்ளங்களில் அவை விழுந்தமையால்.

மனிதன் ஓர் ஆற்றின் நீரைத் திருப்பிய கதையும் நம்மிடம் உண்டு. பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலப்பது. மலைக்கு இப்பால் கம்பம் பள்ளத்தாக்கு அதைவிட மிகத் தாழ்ந்திருந்தும், இடையே நின்ற மலை முகட்டால் ஒரு சொட்டும் இங்கு வரவில்லை. 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார். அணை நீரை உயர்த்தியது. முகட்டைக் குடைந்த சுமார் 1.7 கிலோமீட்டர் சுரங்கம் வழிவிட்டது. மேற்கே சென்ற நீர் சுருளியாறு வழியாக வைகைக்கு வந்தது. இறைவை இயந்திரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை!

இத்தனையும் கூறியபின்னும் முதியவர், "அது மலை, இது நம் காடு" என்றார். நியாயமான மறுப்பே. ஆகவே மறுநாள் உள்ளூர்க் கொத்தனாரை அழைத்து, அவர் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு அளந்தோம். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு முளையிலும் அம்மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து தரை எவ்வளவு கீழே உள்ளதென அளந்தால், இரு முளைகளுக்கும் இடையேயுள்ள தாழ்வு புலப்படும். குழாயில் காற்றுக் குமிழி இருத்தலாகாது. இருந்தால் அளவு பொய்க்கும். நெடுந்தூரத்துக்குச் சிறு பிழைகள் சேர்ந்துவிடுமாதலால், கடன் பெறுமுன் பொறியாளரைக் கொண்டு மட்டம் எடுப்பது அவசியம்.

வடபுறத்து நிலம் ஓடைக்கு இரண்டடி தாழ்ந்தே இருந்தது. ஆனால் நடுவழியில், களத்துமேட்டருகே, எவரும் எண்ணிப்பாராத ஒரு மேடு ஓடை மட்டத்துக்கு ஒரு முழம் உயர்ந்து நின்றது. அவ்விடத்தில் ஆழமாக வெட்ட வேண்டும், மதிப்பீடும் உயரும். அந்தக் கூடுதல் செலவு யாருடையது என்று முதியவர் உடனே கேட்டார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு மீண்டும் வருகிறது.