பழைய தானியக் குதிர்களை வாங்கும் முறை

புதிய உலோகக் குதிர் வாங்கப் பொருள் போதாத சிறு உழவர், பிறர் பயன்படுத்திய குதிரினை நாடுதல் இயல்பு. 1965-66-ஆம் ஆண்டில் மத்திய அரசு தானியப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியதன் பின், துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுக் குதிர்களின் பயன் கிராமங்களில் விளக்கப்பெற்றது. அவற்றிற் பழையன இன்று கைமாறுகின்றன. மண்கற் சுவர்களுக்கிடையே பாலித்தீன் தாள் வைத்துக் கட்டப்படும் பூசா குதிரினை இடம் பெயர்க்க இயலாதாதலின் அது விலைக்கு வருவதில்லை.

முதலில் வினவற்பாலது விலையன்று. அக்கலத்தில் முன்பு எப்பொருள் இருந்தது என்பதே. பூச்சிக்கொல்லி, விதை மருந்து, எண்ணெய் முதலியன இருந்த பீப்பாய்களைக் கழுவி, வண்ணம் பூசிக் குதிர் என விற்பாருமுளர். அத்தகையதை இலவசமாய்த் தந்தாலும் ஏற்றல் ஆகாது. 1958-ஆம் ஆண்டில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவினை உண்டு கேரளத்தில் 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உணவுச் சரக்கும் நஞ்சும் ஒரே கப்பலில் வந்தமையே அதற்குக் காரணம். கலத்தின் வரலாற்றை விற்பவர் தெளிவாகக் கூறாவிடில் வாங்காது விடுதலே தக்கது.

அடுத்து, குதிரினைக் கவிழ்த்து அடித்தகட்டைக் காண வேண்டும். ஈரத்தரையில் நின்ற குதிர் முதலில் அடியிலேயே துருப்பிடிக்கும். பின்னர் நண்பகல் வெயிலில் அதனைப் படுக்க வைத்து, திறந்த வாயைக் கனத்த துணியால் தலையோடு சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே நோக்கினால், ஊசித்துளையும் ஒளிப்புள்ளியாய்த் தோன்றும். ஓரிரு துளைகளைத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். அடி முழுதும் அரித்ததை விலக்குக. நன்கு மூடிய குதிரில் உள்ள பூச்சிகள் பிராணவாயு குறையக் குறைய மடியும். ஓட்டைக் குதிரில் அந்நன்மை இல்லை. அக்குறையை நீக்க அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை வீட்டினுள் இடுவது உயிருக்கே கேடாகும்.

வெறுங்குதிர் தூயது என எண்ணலாகாது. கப்ரா வண்டின் மயிரடர்ந்த புழுக்கள் தகட்டு மடிப்புகளிலும் இடுக்குகளிலும் ஒடுங்கி, உணவின்றியே நெடுங்காலம், சிலவேளை ஆண்டுக் கணக்கில், உயிர்வாழ வல்லன. ஆகவே மடிப்புகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கூட்டிய குப்பையை எரித்து, கொதிநீர் ஊற்றிக் கழுவிச் சில நாள் வெயிலில் உலர்த்துதல் வேண்டும். இப்பணியை உழவர் வீட்டுக்குக் கொண்டு சேர்க்குமுன், விற்பவரிடத்திலேயே முடித்தல் நலம்.

கொள்ளளவைப் பள்ளி மாணவரே கணக்கிடலாம். விட்டம் 90 செ.மீ., உயரம் 120 செ.மீ. உள்ள உருளைக் குதிரின் கொள்ளளவு சுமார் 0.76 கன மீட்டர். கன மீட்டருக்குக் கோதுமை 770 கிலோ எனக் கொண்டால் அது ஏறத்தாழ 590 கிலோ கொள்ளும். நெல் 570 கிலோ எனக் கொண்டால் 435 கிலோவே கொள்ளும். கோதுமைக் கணக்கில் அளவு சொல்லி நெல் விளைவிப்பவரிடம் விற்பது உண்டு.

வாங்கிய குதிரினைச் சுவரில் படாது, நிழலில், மேடை மீது நிறுத்துக. தானியத்தின் ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்படலாகாது. இரவுக் குளிரில் தகட்டின் உட்புறம் நீர் பூத்து, மேலடுக்கில் பூஞ்சணம் படர்வதுண்டு. நிரப்பிய பத்தாம் நாள் மூடியைத் திறந்து மேலடுக்கில் கையிட்டுப் பார்த்து, வெம்மையேனும் புழுங்கல் வாடையேனும் தோன்றின் அன்றே வெளியிற் கொட்டி உலர்த்தல் வேண்டும்.