நலிந்த கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சுகளைப் பேணும் முறை

கொட்டகலை கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றினால் மழையும் மூடுபனியும் இங்கு நாட்கணக்காக நீடிக்கும். இக்காலத்தில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு முதற் பகை குளிரே. விறைத்துக் கிடக்கும் குஞ்சைக் கண்டு, “இது தேறாது” என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்கப்படுவனவற்றுட் சில, தக்க வெப்பம் அளித்தால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கக்கூடியவை. பிழைத்த குஞ்சு பேடாயின், ஆறு மாதமளவில் வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை தரும். ஆதலின் கமக்காரர் ஒவ்வொருவரும் இம்முறைகளை அறிந்திருத்தல் நன்று.

1. வெப்பமே முதல் மருந்து

பொரித்த குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதற் கிழமையில் 95 பாகை பரன்ஹைட் வெப்பம் வேண்டும். பின்னர்க் கிழமைக்கு 5 பாகை வீதம் குறைத்து வரலாம். அட்டைப் பெட்டியொன்றில் இரண்டு அங்குலத்திற்கு உமி பரப்பி, முதல் மூன்று நாட்கள் அதனைச் சாக்குத் துணியால் மூடுக. பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 40 அல்லது 60 வாட் இழைக்குமிழைத் தொங்கவிடுக. எல்.ஈ.டி. குமிழ்கள் போதிய வெப்பம் தரமாட்டா. மின்சாரம் இல்லையேல், சுடுநீர்ப் போத்தலைத் துணியாற் சுற்றி வைத்து, ஆறுமுன் மாற்றுக.

குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கீச்சிட்டால் வெப்பம் போதாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுதி. அடைத்த காம்பராவினுள் கரிச்சட்டி வைத்தல் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் நச்சுவாயு குஞ்சுகளை மட்டுமன்றி, அங்கு உறங்குவோரையும் கொல்லும்.

2. நீரும் உணவும்

விறைத்த குஞ்சிற்கு உடனே உணவு ஊட்டலாகாது. முதலில் உடல் சூடேற வேண்டும், அடுத்து நீர், அதன் பின்னரே உணவு. பொரித்த குஞ்சின் வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சட்கரு அதனை இரண்டு நாட்கள் வரை தாங்கும். ஆகையால் அவசரம் வேண்டா. ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சீனி கரைத்து, அலகின் நுனியை மட்டும் தோய்த்து விடுக. தொண்டையில் ஊற்றினால் நீர் மூச்சுக்குழலிற் புகுந்து குஞ்சு இறக்கும். குஞ்சு தானே பருகத் தொடங்கியபின், அவித்த முட்டையை மசித்துக் குஞ்சுத் தீனியுடன் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

எச்சம் காய்ந்து குதத்தை அடைத்திருந்தால், அதனைப் பிய்த்தெடுக்காது, வெந்நீரில் நனைத்த துணியால் மெல்ல இளக்கித் துடைக்க வேண்டும்.

3. கால் ஊனமும் காயமும்

வழுக்கும் தாளின்மேல் வளரும் குஞ்சுகளுக்குக் கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். மென்மையான துணி நாடாவால் இரு கால்களையும் ஓரங்குல இடைவெளியில் பிணைத்து, சாக்கின்மேல் விடுக. பொரித்த ஓரிரு நாட்களுள் செய்தால், மூன்று முதல் ஐந்து நாட்களில் பெரும்பாலும் சீராகும். கால் வீங்குகிறதா என நாள்தோறும் பார்த்தல் அவசியம். மடங்கிய விரல்களை நேராக்கி, சிறு அட்டைத் துண்டின்மேல் மருந்து ஒட்டுநாடாவால் ஒட்டலாம்.

காயமுற்ற குஞ்சை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். குருதியைக் கண்டால் ஏனைய குஞ்சுகள் கொத்திக் கொன்றுவிடும். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் இரண்டு சிறு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவுக. பின்னர் இளஞ்சாயத் தேநீரின் நிறம் வரும்வரை நீர்த்த பொவிடோன் அயடினைப் பூசுக. மண்ணெண்ணெய் இடுதல் தீது.

4. வாத்துக்குஞ்சுகள்

வாத்து முட்டையைக் கோழியின்கீழ் வைத்துப் பொரிப்பிப்பது வீடுகளில் வழக்கம். அக்குஞ்சுகளை நீரில் விட்டால் நனைந்து விறைத்துவிடக்கூடும். இறகு முளைக்கும்வரை நீந்த விடாதீர்கள். குடிநீர்க் கலம் மூக்குத் துளைகளைக் கழுவப் போதிய ஆழமுடையதாயும், உள்ளே இறங்க இயலாத அளவினதாயும் இருத்தல் வேண்டும். நியாசின் என்னும் உயிர்ச்சத்து இவற்றிற்குக் கோழிக்குஞ்சிலும் மிகுதியாகத் தேவை. அது குறைந்தால் கால்கள் வளையும். அவித்த மீனும் மசித்த பட்டாணியும் அக்குறையை ஈடுசெய்ய உதவும்.

5. பூஞ்சணமும் பூச்சிமருந்தும்

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 1,00,000க்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன, வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கில் விளைந்த அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சே காரணமெனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஈரம் மிக்க மலைநாட்டில் தீனி விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலின் சிறிதளவே வாங்கி, தரையிற் படாமல் மூடி வைக்க. நாற்றம் வீசும் தீனியைக் கழுவியோ காயவைத்தோ கொடுக்கலாகாது, எறிந்துவிடுக. அண்மையில் மருந்து தெளித்த கோவா, லீக்ஸ் பாத்திகளின் இலைகளைக் கொடுப்பதும், அங்கு குஞ்சுகளை மேயவிடுவதும் ஆபத்து.

6. எல்லை அறிதல்

எலும்பு வெளியே தெரியும் முறிவு, ஒரே நாளிற் பல குஞ்சுகள் சோர்தல், கழுத்துத் திருகல், மூச்சுத் திணறல் ஆகியன வீட்டு வைத்தியத்திற்கு அடங்கா. இவற்றைக் கண்டவுடன் அரச கால்நடை வைத்தியரை நாடுக. அக்குஞ்சுகளைப் பிறருக்கு விற்பதும் கொடுப்பதும் தோட்டம் முழுவதும் நோயைப் பரப்பும். குஞ்சைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவப் பிள்ளைகளைப் பழக்குக. தேறிய குஞ்சை, உடனொத்தவற்றின் பருமன் அடைந்தபின், அந்திப் பொழுதில் கூட்டத்துடன் சேர்க்கலாம்.