கலிபோர்னியாவின் காலநிலைச் சட்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நடிகராகவே நம்மில் பலர் அறிந்த அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர், கலிபோர்னியாவின் ஆளுநராக 2006 செப்டம்பர் 27 அன்று ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களை 2020-க்குள் 1990-இல் இருந்த அளவுக்குக் குறைத்தாக வேண்டும் என்றது அது. அன்றிலிருந்து அந்தச் சட்டத்தைச் சுற்றித் தவறான நம்பிக்கைகளும் வளர்ந்து வந்திருக்கின்றன.

நம்பிக்கை: இப்படிச் சட்டம் போட்டால் தொழில் படுத்துவிடும், வேலை போய்விடும்.

உண்மை: இந்தப் பயத்தை வைத்தே 2010-இல் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. வேலையின்மை 12 சதவீதத்தைத் தாண்டியிருந்த நேரம் அது. வேலையின்மை 5.5 சதவீதத்துக்கு இறங்கி, நான்கு காலாண்டுகள் அப்படியே நீடிக்கும்வரை சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றது 23-ஆவது முன்மொழிவு. டெக்சாஸைச் சேர்ந்த வலேரோ, டெசோரோ எண்ணெய் நிறுவனங்கள் அதற்குப் பணத்தை வாரி இறைத்தன. வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவிலும் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் அதை நிராகரித்தார்கள். அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர்கள் கணிப்பு பொய்க்கவில்லை. 1990-இன் அளவு 43.1 கோடி டன். உமிழ்வு அதற்குக் கீழே இறங்கியது 2016-இல், அதாவது கெடுவுக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே. 1990-இல் சுமார் 3 கோடியாக இருந்த மக்கள்தொகை அதற்குள் 3.9 கோடியாகியிருந்தது. 2008 மந்தநிலையும் தொடக்கத்தில் உமிழ்வைக் குறைத்தது என்பது மெய்தான். ஆனால் மந்தநிலை நீங்கிப் பொருளாதாரம் வளர்ந்த பிறகும் உமிழ்வு குறைந்துகொண்டே வந்தது.

நம்பிக்கை: ஒரு மாநிலம் தனியாக என்ன செய்துவிட முடியும்?

உண்மை: வாகனப் புகையின் கரியமில வாயுவுக்கு வரம்பு கட்ட 2002-இலேயே கலிபோர்னியா சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. பின்னர் ஒபாமா அரசு நாடு முழுவதற்கும் கொண்டுவந்த விதிகளுக்கும் அதுவே முன்மாதிரி.

நம்பிக்கை: உமிழ்வு அனுமதிகளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் எவ்வளவு புகையும் விடலாம்.

உண்மை: இந்தச் சட்டத்தின் கீழ் நிறுவனங்களுக்கு வழங்கப்படும் மொத்த அனுமதிகளுக்கு உச்சவரம்பு உண்டு; அது ஆண்டுதோறும் சுருங்கும். ஆனால் ரிச்மண்ட், வில்மிங்டன் போன்ற ஊர்களில் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழும் ஏழைக் குடும்பங்களின் முறையீடு நியாயமானது. மாநிலத்தின் மொத்தம் குறைந்தாலும் அவர்கள் தெருவில் புகை குறைய வேண்டுமென்று கட்டாயமில்லை. அத்தகைய பகுதிகளின் காற்றைத் தனியாக அளக்கவும் மாசைக் குறைக்கவும் சட்டம் வந்தது 2017-இல்தான். மிகவும் தாமதம்.

நம்பிக்கை: இலக்கை எட்டியாயிற்று, இனிக் கவலையில்லை.

உண்மை: குறைந்ததில் பெரும்பங்கு மின்துறையுடையது. வாகனங்களும் போக்குவரத்தும் இன்னும் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ 40 சதவீதம். 1990 அளவிலிருந்து மேலும் 40 சதவீதத்தை 2030-க்குள் குறைக்க வேண்டும் என்கிறது 2016-இல் வந்த அடுத்த சட்டம். இதுவரையிலான வேகம் அதற்குப் போதாது. 2020-இல் மட்டும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் காட்டுத்தீயில் எரிந்தது. அந்தப் புகை இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.