வீட்டோடு வரும் வரிக் கடன்

சொந்தமாக ஒரு வீடோ கடையோ வாங்குவது நம் வியாபாரிகளில் பலருக்கு ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிச் செய்யும் காரியம். சரக்கு வாங்கும்போது மூட்டையைக் குத்திப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. ஆனால் வீடு வாங்கும்போது விலை பேசுவதில் காட்டும் சாமர்த்தியத்தில் பாதியைக்கூடப் பழைய வரிப் பாக்கியை விசாரிப்பதில் காட்டுவதில்லை. சாவியை வாங்கிக் குடிபுகுந்து சில மாதங்கள் சென்றபின், முந்திய உடைமையாளர் பெயருக்கு நகராண்மைக் கழகத்தின் கோரிக்கைக் கடிதம் வந்து சேருகிறது. "அவர் வைத்த பாக்கியை நாம் ஏன் கட்ட வேண்டும்?" என்னும் கேள்வி அப்போதுதான் பிறக்கிறது. அக்கேள்வியையே இம்முறை பாடமாக எடுத்துக் கொள்வோம்.

1. வரி ஆளைப் பற்றியதா, வீட்டைப் பற்றியதா?

வருமான வரி ஆளைப் பற்றி நிற்பது. அவர் எங்கே போனாலும் கூடவே போகும். வீட்டு வரி அப்படியன்று. அது கட்டடத்தையும் நிலத்தையும் பற்றி நிற்பது. உடைமையாளர் மாறினாலும் வரி அந்த இடத்தை விட்டுப் போவதில்லை. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

தீபகற்ப மலேசியாவில் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, நகராண்மைக் கழகம் வாங்கும் மதிப்பீட்டு வரி. மக்கள் சுக்காய் பிந்து என்பது இதுவே. 1976ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி இது அரையாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்ட வேண்டியது. முதல் தவணைக்குப் பிப்ரவரி முடிவும், இரண்டாவதற்கு ஆகஸ்டு முடிவும் வழக்கமான கெடு. பாக்கி நின்றால் அந்த இடத்தில் காணப்படும் அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யவும், முடிவில் சொத்தையே ஏலத்துக்குக் கொண்டுவரவும் அச்சட்டம் இடம் தருகிறது. கடைவீடு வாங்குகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்று, மாநில அரசுக்குரிய நில வரி. இது தேசிய நிலச் சட்டத்தின்படி ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதம் 31ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது. அடுக்குமாடி வீடுகளுக்குப் பல மாநிலங்களில் இதற்குப் பதிலாகச் சுக்காய் பெத்தாக் என்னும் வரி உண்டு. நில வரி நின்றுபோனால் நில அலுவலகம் அறிவிப்பு அனுப்பும். அறிவிப்பு சேர்ந்து மூன்று மாதத்திற்குள் கட்டாவிடில் நிலம் அரசுக்கே திரும்பிப் போகும் அபாயமும் உண்டு.

சிங்கப்பூரில் சொத்து வரி ஒன்றே. ஆண்டு முழுமைக்கும் உரிய தொகையை ஜனவரி 31ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் 5 சதவீதம் அபராதம். சட்டப்படி இவ்வரி சொத்தின் மீது முதற் பற்றாக நிற்கிறது. ஆகவே முந்தியவர் வைத்த பாக்கிக்கும் புதிய உடைமையாளர் பொறுப்பாக நேரிடும்.

2. வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, விற்பவரிடம் கடைசியாக வரி கட்டிய அசல் ரசீதுகளைக் கேட்க வேண்டும். "கட்டியாயிற்று, பாய்" என்னும் வாய்ச்சொல் போதாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுத்துக்கு நம் மார்க்கம் கொடுத்த இடம் அவ்வளவு பெரிது. ரசீது கேட்பது அவநம்பிக்கையாகாது.

இரண்டாவது, வரிக் கணக்கு எண்ணைக் கொண்டு நகராண்மைக் கழகத்திலும் நில அலுவலகத்திலும் நேரே விசாரிக்க வேண்டும். சிங்கப்பூரில் இவ்விசாரணையை வழக்கறிஞர் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு எழுதிச் செய்வார். செய்தாரா என்று நாம் கேட்டுக்கொள்வது நலம்.

மூன்றாவது, சாவி கைமாறும் நாள்வரை உள்ள வரி விற்பவரைச் சேர்ந்தது என்றும், பின்னால் பழைய பாக்கி தெரியவந்தால் அவரே ஈடு செய்வார் என்றும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டு மதிப்பு பின்தேதியிட்டு உயர்த்தப்படுவதுண்டு. விற்ற நாளில் இல்லாத பாக்கி மறு ஆண்டு முளைக்கலாம். அதற்கும் இந்த ஷரத்தே காவல்.

நான்காவது, பாக்கி இருப்பது தெரிந்தால், கிரயப் பணத்திலிருந்தே அதைத் தீர்த்துவிட்டு மீதியைக் கொடுக்கும்படி வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். விற்பவர் ஊருக்கே திரும்பிப் போகிறவரானால் இது மிகவும் அவசியம். பணம் நாகூருக்கோ கடையநல்லூருக்கோ போய்ச் சேர்ந்தபின் அதைத் திருப்பிக் கேட்பது வெகு சிரமம்.

3. கணக்குப் பிரிப்பது எப்படி?

ஓர் உதாரணம் கொள்வோம். அரையாண்டு வரி 240 வெள்ளி. விற்பவர் ஜூலை முதல் டிசம்பர் வரைக்குமுள்ள தவணையைக் கட்டிவிட்டார். அக்டோபர் முதல் தேதி சாவி கைமாறுகிறது. மூன்று மாதம் அவருடையது, மூன்று மாதம் நம்முடையது. நாம் அவருக்கு 120 வெள்ளி திருப்பித் தர வேண்டும். நம் பங்கை மறந்துவிட்டு அவர் பாக்கியை மட்டும் பேசுவது நியாயமாகாது.

4. வாங்கிய பின் பாக்கி தெரியவந்தால்?

கோபித்துக்கொண்டு கடிதத்தைக் கிழித்தெறிவதால் அபராதம்தான் ஏறும். எந்தெந்தத் தவணைக்கு எவ்வளவு என்று விவரக் கணக்கு வாங்கி, விலாசமும் கணக்கு எண்ணும் நம் வீட்டுக்குரியவையா என்று சரிபார்க்க வேண்டும். சரியானால் முதலில் கட்டிவிட வேண்டும். தொகை பெரிதானால் தவணை கேட்டுப் பார்க்கலாம். பிறகு ரசீதின் நகலோடு விற்றவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். இணங்காவிடில் ஒப்பந்தத்தைக் கொண்டு வழக்கிடலாம். இரு நாட்டிலும் அதற்குப் பொதுவான கெடு 6 ஆண்டுகள். அத்தோடு உடைமை மாறியதை எழுத்து மூலம் அறிவிக்கவும் வேண்டும். மலேசியாவில் விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் அந்தக் கடமை உண்டு. கெடு மூன்று மாதம்.

5. விற்பவருக்கும் வாரிசுகளுக்கும்

விற்பவருக்கும் இதில் பாடம் உண்டு. மதீனத்துக் கடைத்தெருவில் ஒருவர் நனைந்த தானியத்தை அடியில் வைத்துக் காய்ந்ததை மேலே பரப்பியிருந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். வரிப் பாக்கியை மறைத்து வீட்டை விற்பதும் அதே வகையைச் சேர்ந்ததன்றோ?

மவுத்தானவரின் வீட்டை வாரிசுகள் விற்கும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், அதன் பின்னரே பாகப் பிரிவினை என்பது நம் மார்க்கச் சட்டம். அவர் காலத்து வரிப் பாக்கியும் கடனே. அதைத் தீர்க்காமல் கிரயப் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டால், தந்தையின் கடனை முன்பின் அறியாத ஒருவர் தலையில் சுமத்தியவர்களாவோம். கடன் வைத்து இறந்த ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழ வைத்ததும் ஹதீஸ்களில் வந்துள்ளன. மனமுவந்து ஏற்றார் அவர். வீடு வாங்கியவரோ அறியாமலே ஏற்கும்படி செய்யப்படுகிறார். இரண்டும் ஒன்றாகுமா?

ஆதலால், சகோதரர்களே, வாங்கும்போது கேட்டு வாங்குவோம். விற்கும்போது தீர்த்து விற்போம். நம் வீடுகளிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக! ஆமீன்.